தோரணத்துக்கு உள்ளே ஒரு கை

ஒரே ஒரு சொல்லுக்காக எங்கள் அலுவலகத்தில் அரை நாள் சண்டை போட்டோம். பதுளையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் நான் மொழிபெயர்ப்பாளர். சிங்களத்தில் வரும் சுற்றறிக்கை, படிவம், துண்டுப்பிரசுரம் எல்லாம் என் மேசைக்கு வந்து தமிழாகிப் போகும். அன்று வந்தது மக்களின் உரிமைகளைப் பற்றிய ஒரு துண்டுப்பிரசுரம். ஒருவர் தன் இஷ்டத்துக்குப் போக வர முடியாமல் போவதைக் குறிக்கும் சொல் அதில் நாலு இடத்தில் இருந்தது. ‘சுதந்திரம் இழத்தல்’ என்று எழுதினால் அகராதிக்குச் சந்தோஷம். ஆனால் மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள் அதைப் படித்தால், இது வேறு யாருக்கோ வந்த கடுதாசி என்று அடுப்பில் போட்டுவிடுவாள்.

அடுத்த மேசை அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, “ஏன் பிள்ளை இவ்வளவு யோசிக்கிறீர்? மறியல் எண்டு போட்டால் காணும்தானே” என்றார்.

“மறியல்னா எங்காளுங்களுக்கு ஜெயிலுங்க அக்கா. ஜெயிலுக்குப் போகாமலே போக்குவரத்து நின்னுபோனவங்க எத்தன பேரு இருக்காங்க?”

“அப்ப அடிமை எண்டு போடுமன்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மே மாதம் வந்துவிட்டால் போதும், மைக்கைப் பிடித்துக்கொண்டு எங்களை அடிமை, அடிமை என்று சொல்லிக் கைதட்டு வாங்கிவிட்டு, வேனில் ஏறிப் போகிறவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! எங்கள் லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய அந்தத் தொழிலாளர் வீடுகளில், ஒருத்தர் வாயிலிருந்தும் தன்னைப் பற்றி அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை. எங்கள் ஆட்கள், “கட்டுப்பட்டுக் கெடக்குறேன்” என்பார்கள். கறவை மாடு வாங்கியவன் ஒரு கல்யாணம் காட்சிக்குப் போக முடியாமல் மாட்டுக்குக் கட்டுப்பட்டுக் கிடப்பான். படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாருக்கு மருமகள் கட்டுப்பட்டுக் கிடப்பாள். ஊர் சுற்றுகிற பையனுக்கு ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்று பெண் தேடுவார்கள். அப்படிச் சொல்லும்போது சலிப்பு இருக்கும், சில நேரம் சிரிப்பும் இருக்கும். யார் கட்டினது, எப்போது அவிழ்ப்பது என்று ஒரு கேள்வியும் கூடவே நிற்கும். அடிமை என்று சொல்லிவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்க யாரும் இல்லை.

இதை அக்காவுக்கு விளக்கப் போய், நான் இந்த நாற்காலிக்கு வந்த கதையையே சொல்லும்படி ஆகிவிட்டது.

எங்கள் தோட்டம் தெமோதரைக்கு மேலே இருக்கிறது. அம்மா கொழுந்து பறிக்கிறவள். அப்பா கொழும்பில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை செய்தார், திருவிழாவின் கடைசி நாளுக்கு மட்டும் வருவார். நான் படித்து முடித்துவிட்டுப் பிள்ளை மடுவத்தில், மலைக்குப் போகிற தாய்மார் விட்டுப் போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பரீட்சை எழுதுவதும் பதிலுக்குக் காத்திருப்பதுமாகச் சில வருஷம் போயிருந்தது. மொழிபெயர்ப்பாளர் வேலைக்கான எழுத்துப் பரீட்சையில் பாஸ். நேர்முகத் தேர்வு ஒன்றுதான் பாக்கி. அதை விட்டால் மறுமுறை விண்ணப்பிக்க என் வயது இடம் கொடுக்காது.

எத்தனை நாள் காத்திருந்தும் கடிதம் வரவில்லை. மாரியம்மன் திருவிழா வந்தது. இந்த வேலை மட்டும் கிடைத்துவிட்டால் உனக்குப் பால்குடம் எடுக்கிறேன் தாயே என்று முதலில் வேண்டினேன். பிறகு, கிடைத்த பின் எடுப்பதென்ன, இப்போதே எடுத்தால் அவளுக்கும் ஒரு அவசரம் வரும் என்று தோன்றியது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்க் காப்புக் கட்டிக்கொண்டேன்.

காப்பு என்றால் ஒரு துண்டு விரலி மஞ்சள். அதை மஞ்சள் நூலில் முடிந்து பெண்களுக்கு இடது மணிக்கட்டில் கட்டுவார்கள். கட்டிய நேரத்திலிருந்து மறுவாரம் சனிக்கிழமை பால்குடம் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் நீராடி அவிழ்க்கும் வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. எல்லை எது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. பெரிய ரோட்டிலிருந்து தோட்டத்துக்குத் திரும்பும் வளைவில் வேப்பிலைத் தோரணம் கட்டியிருப்பார்கள். காப்புக் கட்டினவர் அதற்கு இந்தப் பக்கம்தான். “அவ கட்டுப்பட்டவ” என்று சொல்லிவிட்டால் பத்து நாளைக்குச் சாவு வீட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள், சந்தைக்குக் கூப்பிட மாட்டார்கள்.

அம்மா வருஷா வருஷம் காப்புக் கட்டுவாள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து திருவிழா நேரத்தில் அவள் அந்த வளைவைத் தாண்டியதில்லை. அந்த வருஷம் மட்டும் கட்டவில்லை. காரணம் வெலிமடையில் இருந்தது. அங்கே கட்டிக்கொடுத்திருந்த என் அக்காவுக்கு முதல் குழந்தை, பெண், பிறந்து, திருவிழாவுக்குள் வரும் வியாழக்கிழமை முப்பதாம் நாள். அன்றுதான் பெயர் வைக்கிறார்கள்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் பார்ப்பதுதானே முறை. எங்கள் காம்பரா ஒரே அறை, மழை பெய்தால் மூலைக்கு மூலை ஒழுகும். பச்சைக் குழந்தையை அங்கே எப்படி வைப்பது என்று சம்பந்தி வீட்டார் தயங்க, அக்கா அங்கேயே இருந்துவிட்டாள். அம்மாவுக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. “பிள்ள பொறக்கத்தான் எங்கூட்டுல எடமில்லாமப் போச்சு. பேரயாச்சும் நான் போயி என் வாயால வைக்கிறேன்” என்று சொல்லி, குழந்தையின் காதில் முதலில் பெயர் சொல்லும் உரிமையை அக்காவிடம் சண்டை போட்டு வாங்கி வைத்திருந்தாள். வெள்ளி அரணாக்கயிறு வாங்கி மஞ்சள் துணியில் முடிந்து, பெட்டியின் அடியில் வைத்திருந்தாள். நாளுக்கு இரண்டு தடவை அதை எடுத்துப் பார்ப்பாள்.

இந்த நிலைமையில்தான் திங்கட்கிழமை என் கடிதம் வந்தது. வந்தது என்பதா, கண்டெடுத்தேன் என்பதா? எங்கள் லயத்துக்கென்று தனி விலாசம் கிடையாது. கடிதங்கள் மொத்தமாகத் தோட்டத்து ஆபீசுக்குப் போகும், யாராவது கொண்டுவந்து கொடுத்தால் உண்டு. பிள்ளை மடுவத்துக்குப் பால்மா வாங்க ஆபீசுக்குப் போன நான், அலமாரியில் கிடந்த கடிதக் கட்டில் என் பெயரைப் பார்த்தேன். உறையில் இருந்த முத்திரைக்கு வயது மூன்று வாரம். நேர்முகத் தேர்வு நாளை மறுநாள், புதன்கிழமை, காலை ஒன்பது மணிக்குப் பதுளையில்.

மடுவத்துக்குத் திரும்பாமல் வீட்டுக்கு ஓடினேன். பகல் சாப்பாட்டுக்கு வந்திருந்த அம்மா கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, “என்னாடி போட்டிருக்கு?” என்றாள். வாசித்துச் சொன்னேன். அம்மா ஆத்தாடி என்று கையைத் தட்டினாள். தட்டிய கை பாதியில் நின்றது. என் மணிக்கட்டைப் பார்த்தாள்.

“எதுக்குடி காப்புக் கட்டுன?”

“இந்த வேலைக்குத்தாம்மா.”

“நல்லாக் கட்டுன போ! பிள்ளையாரு பிடிக்கக் கொரங்கான கதையால்ல இருக்கு!”

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. எங்கள் லயத்து வாசலில் நின்றால் தூரத்தில் பதுளை தெரியும். ரயிலில் போனால் சோற்றுப்பொதி ஆறுவதற்குள் போய்விடலாம். அந்தப் பதுளைக்கு நான் போக முடியாது! “நான் போகத்தான் போறேன். சாமி என்னா, கண்ணயா குத்திரும்?” என்று கத்தினேன்.

அம்மா பதிலுக்குக் கத்தவில்லை. அது அவள் சுபாவமே இல்லை, அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்று மட்டும் மெதுவாகச் சொன்னாள். “சாமி ஒன்னும் பண்ணாது. சாமிக்கு வேற வேல இருக்கு. ஆனா திருவிழா முடியிறதுக்குள்ள லயத்துல ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டாலும் ஓம் பேரத்தான் சொல்லுவாங்க. நீ வேலைக்கிப் போயிட்டாலும் சொல்லுவாங்க. நாங்க இங்கதான கெடக்கணும்?”

அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போனோம். பூசாரி எனக்கு மாமா முறை. பகலில் தொழிற்சாலையில் வேலை, சாயங்காலம் வேட்டி மாற்றிக்கொண்டு பூசாரி. விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“நானா வேணாங்குறேன்? கட்டுன காப்ப நடுவுல அவுத்துப் பழக்கமில்ல தங்கச்சி.”

“சாமி வரங்குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டாருன்னு சும்மாவா சொன்னாங்க” என்றாள் அம்மா.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பூக்கட்டிப் பார்ப்போம் என்றார். ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. தனித்தனியாக வெற்றிலையில் மடித்து, அம்மன் காலடியில் போட்டார். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் போகக்கூடாது. அங்கே நின்ற ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார். அது யோசித்து யோசித்து ஒன்றை எடுத்துக் கொடுத்தது. பிரித்தால் சிவப்பு.

போச்சு, எல்லாம் போச்சு என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இந்தச் செவ்வரத்தம் பூவுக்காகவா இத்தனை வருஷம் படித்தேன் என்று நினைத்தேன். அம்மா அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அம்மன் பக்கம் திரும்பி, கடைக்காரனிடம் பேசுகிற மாதிரிப் பேச ஆரம்பித்தாள்.

“சரி ஆத்தா, காப்பு போகக்கூடாதுங்குற. ஞாயந்தான். காப்பு போகாது. இங்கயே இருக்கும்.” பூசாரியிடம் திரும்பினாள். “அண்ணே, எல்ல காப்புக்கா, பிள்ளைக்கா?”

“காப்புக்குத்தான்.”

“அப்ப அத அவுத்து எங்கையில கட்டுங்க. நேர்த்திய நான் எடுத்துக்கிறேன். பால்கொடத்த நான் தூக்குறேன். கட்டுப்பட்டு நான் இருக்கேன். அவ போகட்டும்.”

பூசாரி விபூதித் தட்டைக் கீழே வைத்தார். அப்படி யாரும் கேட்டதில்லையாம். “தாயி, மகளோட நேர்த்திய ஏத்துக்கிறது தப்பில்லதான். ஆனா ஒன்னு. இது ஒரு தடவதான். ஒங்கையில ஏறிருச்சுன்னா, புதங்கெழம வந்து மறுபடி அவ கையிக்கு மாத்த முடியாது. ஞாயித்துக்கெழம வரைக்கும் ஒனக்குத்தான்” என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. “அம்மா, வியாழக்கெழம வெலிமட?”

“வெலிமட எங்கயும் ஓடிப் போயிறாது.”

“பேரு வைக்கிறது?”

“வாய மூடுடி. கைய நீட்டு” என்றாள். குரல் உடைந்திருந்தது. அதை மறைக்க என் முதுகில் ஓர் அடியும் வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் அம்மா தலைக்குக் குளித்து, ஈரச் சேலையோடு வந்து நின்றாள். பூசாரி என் கையிலிருந்து நூலை அவிழ்த்தார். நீரில் ஊறி முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது. கொழுந்துக் கறை ஏறிய அம்மாவின் கையில் அந்த மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது. அன்றே அரணாக்கயிற்று முடிச்சை எடுத்து என் பைக்குள் வைத்தாள். “இன்டர்வியூ முடிஞ்ச கையோட வெலிமட பஸ்ஸப் பிடி. நம்ம வீட்டுச் சார்புல ஒருத்தி நிக்கணும்” என்றாள்.

புதன்கிழமை நான் தோரணத்தைத் தாண்டி நடந்தேன். சந்தோஷமாகவா போனேன்? இல்லை. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

நேர்முகத் தேர்வில் மூன்று பேர் இருந்தார்கள். ஒரு சிங்களப் பத்தியைக் கொடுத்து வாயாலேயே தமிழாக்கச் சொன்னார்கள். பிறகு ஓர் அதிகாரி என் கையைப் பார்த்து, மணிக்கட்டில் என்ன மஞ்சள் கறை என்று சிங்களத்தில் கேட்டார். சொன்னேன். காப்பு, எல்லை, சிவப்புப் பூ, எல்லாவற்றையும் சொன்னேன். அவர்களுக்குப் புரியும்படி சிங்களத்தில் சொல்ல, ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிக் கோக்க வேண்டியிருந்தது. “இப்போது அந்தக் காப்பு எங்கே?” என்றார். “என் அம்மாவின் கையில்” என்றேன். அவர் தண்ணீர்க் கிளாசை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மத்தியானம் வெலிமடை பஸ் ஏறினேன். அக்காவிடம் விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் விழுந்துவிட்டது. “அம்மா இல்லாம என்னா பேரு வைக்கிறது?” என்று மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான்தான் போனை நினைவுபடுத்தினேன். எங்கள் லயத்தில் சிக்னல் எட்டாது. இருந்தாலும் அம்மா ஏதாவது செய்வாள் என்று எனக்குத் தெரியும். மறுநாள் நல்ல நேரம் பத்து மணிக்கு. பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது.

திரையில் பாதி வானமும் பாதி அம்மாவும் தெரிந்தார்கள். கூடவே பூசாரியின் குரல். பிறகுதான் முழுக் கதையும் கேட்டேன். சிக்னல் தோரணத்துக்கு அந்தப் பக்கம், பஸ் நிற்கும் இடத்தில்தான் கிடைக்கும். அம்மா வளைவு வரைக்கும் வந்து, காப்புக் கட்டின இடது கையை முந்தானையில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, வலது கையை மட்டும் வெளியே நீட்டிப் போனைப் பிடித்திருக்கிறாள். வேலைக்குப் போகிற வழியில் பூசாரியையும் நிறுத்தி வைத்திருக்கிறாள், சாட்சிக்கு!

“பாத்துக்கங்கண்ணே, காலு உள்ள இருக்கா?”

“உள்ளதான் தாயி.”

“கையி?”

“காப்பு உள்ள இருக்கு. போனுதான் வெளிய. போனுக்கென்ன நேர்த்தி?”

பஸ்ஸுக்கு நின்ற சனமெல்லாம் சிரித்ததாம். நான் போனைக் குழந்தையின் காதில் வைத்தேன். அம்மா மூன்று தரம் பெயரைச் சொன்னாள். முதல் தரம் சத்தமாக, இரண்டாம் தரம் அழுதுகொண்டு. மூன்றாம் தரம் ஒரு லொறி ஹாரன் அடித்துப் போனது. குழந்தை திடுக்கிட்டுக் கையை விரித்தது. அக்கா அழுத அழுகையில் சம்பந்தியம்மாவும் அழுதார். பெயரை இங்கே எழுத மாட்டேன். அது அம்மா கைநீட்டிக் கொடுத்தது, எங்களோடு இருக்கட்டும்.

கதையைக் கேட்டு முடித்த யாழ்ப்பாணத்து அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, “உம்முடைய கட்டைத் தானே வாங்கிக் கட்டிக்கொண்டாவே! அப்படி ஒரு மனுசியை நான் பாக்க வேணும்” என்றார். துண்டுப்பிரசுரத்தில் கடைசியில் ஒரு சொல்லாகப் போடவில்லை. ‘உங்கள் சம்மதம் இல்லாமல் உங்களைக் கட்டிவைக்க எவருக்கும் உரிமை இல்லை’ என்று முழு வாக்கியமாக எழுதினேன். எங்கள் லயத்தில் வாசித்துக் காட்டினேன். ஒருத்தரும் அடுப்பில் போடவில்லை. “அப்பிடிப் போடு!” என்றாள் பக்கத்துக் காம்பரா அத்தை.

அதே வாரம் ஒரு லீவுப் படிவமும் எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் ‘காப்புக் கட்டு’ என்று எழுதினேன். ஏனென்றால், பெயர் வைத்த அந்தக் குழந்தைக்கு இப்போது காதுகுத்து. அக்கா குறித்த நாள் எங்கள் திருவிழா வாரத்தில் விழுந்துவிட்டது. அம்மா வழக்கம்போல, “நான் எப்பிடிப் போறது? நம்ம வீட்டுலருந்து வருசந்தவறாம ஒரு காப்பு இருக்கணும்ல” என்று இழுத்தாள். “இருக்கும். எங்கையில இருக்கும். நீ கெளம்பு” என்றேன். அவள் ஒப்புக்கொள்ள மூன்று நாள் ஆனது. இந்தத் தடவை பூசாரி பூக்கட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லவே இல்லை.

இதை எழுதும்போது என் இடது மணிக்கட்டில் மஞ்சள் கட்டியிருக்கிறது. நான் கட்டுப்பட்டவள், ஞாயிற்றுக்கிழமை வரை. இன்று காலை அம்மா புதுச் சேலை கட்டிக்கொண்டு, திருவிழா நேரத்தில் முதல் தடவையாக அந்தத் தோரணத்தைத் தாண்டினாள். தாண்டும்போது ஒரு நிமிஷம் நின்றாள். “போம்மா” என்றேன். போனாள்.

ஒரு மணி நேரம் கழித்து நான் வளைவுக்குப் போய், இடது கையை உள்ளே வைத்துக்கொண்டு வலது கையை நீட்டிப் போனைப் பிடித்தேன். அம்மாவின் போனில் மணி அடித்தது.

“வெலிமட பஸ்ல ஏறிட்டேன்டி” என்றாள் அம்மா. “ஜன்னலோரம் எடங் கெடச்சிருக்கு.”